ஆர்க்கம் ஹாரர் கார்டு கேம்: சமநிலையான டெக் கட்டுவதற்கு முழுமையான வழிகாட்டி

ஆர்க்கம் ஹாரர் கார்டு கேமில் ஆட்டக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து மர்மங்களை ஆராய்வார்கள்; ஒவ்வொருவரும் தன் கதாபாத்திரத்துக்கு ஒரு டெக், அதாவது கார்டுக் கட்டு, கட்டிக்கொள்வார்கள். நானும் என் நண்பரும் முதன்முதலில் கட்டிய இரண்டு டெக்குகளுமே சண்டைக்கானவை. 'தி கேதரிங்' என்ற முதல் ஆட்டத்தில் நான் ரோலண்ட் பேங்க்ஸ், அவர் ஸ்கிட்ஸ் ஓடூல். வந்த எதிரிகளையெல்லாம் வீழ்த்திவிட்டோம். கூடத்துக் கதவின் தடையை நீக்க இருவருக்கும் சேர்த்து ஆறு துப்புகள் வேண்டும். மாடி அறையில் நான்கு கிடைத்தன. மீதி இரண்டைப் பாதாள அறையில்தான் எடுத்தாக வேண்டும். அந்த அறையின் மறைப்பு அளவு, அதாவது துப்பு எடுக்க எட்ட வேண்டிய எண், 4. எங்கள் இருவருக்கும் துப்பு தேடும் திறனான இன்டெலக்ட் 3. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பையிலிருந்து டோக்கன் ஒன்றை எடுத்து, அதன் எண்ணைத் திறனோடு கூட்டிப் பார்க்க வேண்டும். பையிலிருந்த 16 டோக்கன்களில் எங்களைக் கரையேற்றக்கூடியவை இரண்டுதான்: ஒரு +1, கதாபாத்திரத்துக்கு ஏற்பச் சிறப்புப் பலன் தரும் எல்டர் சைன் ஒன்று. எதிரியை வீழ்த்தினால் ரோலண்டுக்கு ஒரு துப்பு கிடைக்கும், ஆனால் அந்த நேரம் பார்த்து எதிரியே வரவில்லை. எங்களுக்கு எதிரான கெடுவை எண்ணும் டூம் சுற்றுக்கு ஒன்று ஏறிக்கொண்டே போனது. கை நிறையத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அந்த அறையிலேயே தோற்றோம்.

அதற்குப் பிறகு நிறைய டெக்குகள் கட்டிவிட்டேன். அதில் ஒன்று எனக்கு உறுதியாகப் புரிந்தது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைப்பதால் டெக் சமநிலை அடைவதில்லை. ஒரு வேலையை நம்பகமாகச் செய்ய வேண்டும், இரண்டாவது வேலையில் கையறு நிலைக்குப் போகக் கூடாது, கார்டுகளுக்கான செலவு வரவுக்குள் அடங்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது சமநிலையான டெக். இதை எப்படிக் கட்டுவது என்று ரோலண்டையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

இந்த விளையாட்டை நேட் ஃபிரெஞ்ச், மேத்யூ நியூமன் ஆகிய இருவரும் வடிவமைத்தார்கள். ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் 2016-ல் வெளியிட்டது. திருத்திய அடிப்படைப் பெட்டி 2021-ல் வந்தது. நான் சொல்லும் கார்டுகள் எல்லாம் அடிப்படைப் பெட்டியில் உள்ளவை. பழைய பெட்டி ஒன்றில் பல கார்டுகள் ஒரு பிரதிதான் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: விதியின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான கதாபாத்திரங்களுக்கு டெக் அளவு 30 கார்டு. ஒரே பெயருள்ள கார்டு இரண்டுக்கு மேல் கூடாது. இந்த 30-க்கு வெளியே, அந்தக் கதாபாத்திரத்துக்கே உரிய தனிக் கார்டு ஒன்று, அதற்கே உரிய பலவீனக் கார்டு ஒன்று, குலுக்கி எடுக்கும் பொதுப் பலவீனம் ஒன்று சேரும். ஆக, நீங்கள் கலைத்து வைக்கும் கட்டில் 33 இருக்கும்.

கார்டியன், சீக்கர், ரோக், மிஸ்டிக், சர்வைவர் என்று ஐந்து வகுப்புகள். எந்த வகுப்பிலும் சேராத பொதுக் கார்டுகளும் உண்டு. ரோலண்ட் கார்டியன் கார்டுகளை 0 முதல் 5 வரை எல்லா நிலையிலும் எடுக்கலாம், சீக்கர் கார்டுகளை நிலை 2 வரை எடுக்கலாம். தொடக்கத்தில் அனுபவப் புள்ளி எதுவும் இல்லாததால் எல்லாமே நிலை 0 கார்டுகள்தான்.

படி 2: வேலையைத் தீர்மானியுங்கள், மேசையோடு பேசுங்கள்

ரோலண்டின் அட்டையைப் பாருங்கள். வில்பவர் (மன உறுதி) 3, இன்டெலக்ட் 3, காம்பாட் (சண்டை) 4, அஜிலிட்டி (சுறுசுறுப்பு) 2. உடல்நலம் 9, மனநலம் 5. சண்டைதான் முதல் வேலை என்று எண்களே சொல்லிவிடுகின்றன. ஆனால் அவருடைய தனிப் பலவீனமான 'கவர் அப்' கார்டையும் படியுங்கள். அது மூன்று துப்புகளோடு வந்து உட்காரும். நீங்கள் கண்டுபிடிக்கும் துப்புகளை விட்டுக்கொடுத்துத்தான் அதைக் காலி செய்ய முடியும். ஆட்டம் முடியும்போது அதில் ஏதாவது மிஞ்சியிருந்தால் மனக்காயம் ஒன்று நிரந்தரமாகச் சேரும். அதனால் துப்பு எடுக்கவே தெரியாத ரோலண்ட் ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோவார். பலவீனக் கார்டைப் படிக்காமல் டெக் கட்ட உட்காராதீர்கள். உங்கள் இரண்டாவது வேலை என்ன என்பதைப் பல நேரம் அதுதான் சொல்லும்.

அப்புறம் மேசை. பல இடங்களில் துப்புகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடும். டூம் கெடு அப்படிக் கூடுவதில்லை. நான்கு பேர் இருந்தால் நால்வரும் ஆளுக்கொரு ஆபத்துக் கார்டு எடுப்பார்கள், எதிரிகளும் அதிகம் வருவார்கள். தனியாக ஆடினால் சண்டையும் துப்பும் ஏறக்குறைய சமமாக வேண்டும். இரண்டு பேர் என்றால் ஒருவர் முக்கியமாகச் சண்டை, மற்றவர் முக்கியமாகத் துப்பு; ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் வேலையை ஓரளவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று, நான்கு பேர் சேர்ந்தால் தைரியமாக ஒரே வேலையில் இறங்கலாம். "நீ எதை எடுக்கிறாய்?" என்று டெக் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை, பாதாள அறையில் அதற்கான விலையைக் கொடுத்தோம்.

படி 3: டோக்கன் பையை மனதில் எண்ணிப் பழகுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

ஸ்டாண்டர்டு கடினநிலையில் முதல் தொடர்கதைக்கான பையில் இருப்பவை: +1 ஒன்று, 0 இரண்டு, −1 மூன்று, −2 இரண்டு, −3 ஒன்று, −4 ஒன்று, மண்டையோடு இரண்டு, கல்டிஸ்ட் ஒன்று, டேப்லட் ஒன்று, தானாகத் தோற்கும் டோக்கன் ஒன்று, எல்டர் சைன் ஒன்று. மொத்தம் 16. 'தி கேதரிங்' ஆட்டத்தில் கல்டிஸ்ட் −1, டேப்லட் −2; மண்டையோடு, உங்கள் இடத்தில் எத்தனை கூல் (Ghoul, பிணந்தின்னிப் பேய்) வகை எதிரிகள் நிற்கிறார்களோ அத்தனை குறையும்.

கூல் யாரும் பக்கத்தில் இல்லாதபோது கணக்குப் போடுங்கள். உங்கள் திறனும் தேவையான அளவும் சமமாக இருந்தால் 16-ல் 6 டோக்கன்களுக்குத்தான் வெற்றி. ஒன்று கூடுதலாக இருந்தால் 10. இரண்டு கூடுதல் என்றால் 13. மூன்றில் 14, நான்கில் 15. அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் தானாகத் தோற்கும் டோக்கனை வெல்ல முடியாது.

ஏணியின் முதல் இரண்டு படிகளில் நான்கும் மூன்றுமாக ஏறியது, அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத்தான் ஏறுகிறது. அதனால் என் இலக்கு எப்போதும் 'தேவையை விட இரண்டு கூடுதல்'. ஒரு கார்டைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும்போது, நான் அடிக்கடி செய்யப்போகும் சோதனையை +2-க்குக் கொண்டுபோக இது உதவுமா என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே +3-ல் நிற்பவருக்கு இன்னொரு ஊக்கக் கார்டு பெரிதாக எதுவும் தராது.

ரோலண்ட் கையில் மசெட்டி என்ற வெட்டுக்கத்தி இருந்தால் காம்பாட் 5. கூல் மினியனின் சண்டை அளவு 2, ஆக +3. நிம்மதி. கடைசியில் வரும் கூல் பிரீஸ்டின் அளவு 4, ஆக +1 மட்டும். அங்கே துணையாள் பீட் காப் கூட நின்றால் +2. அதோடு விஷியஸ் ப்ளோ கார்டையும் சோதனைக்குக் கொடுத்தால் +3, வென்றால் மூன்று சேதம். தனி ஆட்டத்தில் கூல் பிரீஸ்டின் உயிர் 5. இப்படி ஒரு அடி, வெறும் மசெட்டியால் இரண்டு சேதம் தரும் இன்னொரு அடி. அதோடு ஆள் விழுந்தார்.

படி 4: முக்கியக் கருவிகளின் எண்ணிக்கை

சண்டைதான் வேலை என்றால் ஆயுதம் தொடக்கத்திலேயே கைக்கு வர வேண்டும். எத்தனை ஆயுதம் போட்டால் வரும்?

முதல் கையில் ஐந்து கார்டுகள். பிடிக்காததை ஒருமுறை ஒதுக்கிவைத்து அதே எண்ணிக்கையில் புதிதாக எடுக்கலாம். ஒதுக்கியவை அதற்குப் பிறகுதான் கட்டுக்குள் போகும். தொடக்கக் கையில் பலவீனக் கார்டு வந்தால் ஒதுக்கிவிட்டு வேறு எடுப்போம் என்பதால், கணக்குக்கு 31 கார்டுகள். ஆயுதத்தைத் தேடி ஐந்தையும் மாற்றினால் மொத்தம் பத்து கார்டுகளைப் பார்த்திருப்பீர்கள்.

கட்டில் இரண்டு ஆயுதங்கள் மட்டும் இருந்தால், ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 55 சதவீதம். மூன்று இருந்தால் 70. நான்குக்கு 81. ஐந்துக்கு 88. ஆறுக்கு 93. எனக்கு ஐந்து சரியாக இருக்கிறது: மசெட்டி இரண்டு, .45 ஆட்டோமேட்டிக் இரண்டு, தனிக் கார்டான ரோலண்டின் .38 ஸ்பெஷல் ஒன்று. ஆறாவதைச் சேர்ப்பதால் கூடும் ஐந்து சதவீதத்தை விட, அந்த இடத்தில் ஒரு துப்புக் கார்டு அதிகம் உதவும்.

இந்தக் கணக்கு ஆயுதத்துக்கு மட்டுமல்ல. மிஸ்டிக் ஆடுபவருக்கு ஷ்ரிவலிங் போன்ற தாக்கும் மந்திரங்கள், சீக்கருக்குத் துப்புக் கருவிகள், எதுவாக இருந்தாலும் 'இது இல்லாமல் நான் இல்லை' என்ற வகைக் கார்டுகளை நான்கு முதல் ஆறு வரை வையுங்கள். இரண்டு பிரதி வைத்துவிட்டு அது வரவில்லையே என்று அதிர்ஷ்டத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. பாதி ஆட்டங்களில் அது தொடக்கத்தில் வராது என்று எண்ணே சொல்கிறது.

படி 5: கைகள் இரண்டுதான்

களத்தில் கை இடம் இரண்டு, மந்திர இடம் இரண்டு, துணையாள் ஒன்று, உடல் ஒன்று, அணிகலன் ஒன்று. புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மசெட்டி, .45, பூதக்கண்ணாடி, டார்ச் விளக்கு என எல்லாமே ஒவ்வொரு கையைப் பிடிக்கும். ஏழெட்டு கைக் கார்டுகள் போட்டுவிட்டால், ஆட்டத்தின் நடுவில் வரும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே பணம் கொடுத்து வைத்ததைத் தூக்கியெறியச் சொல்லும்.

ரோலண்டுக்கு என் ஏற்பாடு: ஒரு கையில் ஆயுதம், மறு கையில் பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி விலை 1, வைக்க ஆக்‌ஷனும் செலவாகாது. துப்பு தேடும்போது இன்டெலக்ட் 4 ஆகிவிடும். மறைப்பு 2 உள்ள இடத்தில் அது +2, நாம் தேடிய அதே எண். டார்ச் விளக்கும் நல்ல கார்டுதான், மூன்று முறை மறைப்பை இரண்டு குறைக்கும். ஆனால் மூன்று முறைக்குப் பிறகு அது கையில் இருந்தும் பயனில்லை. அதனால் பூதக்கண்ணாடியை எடுக்கிறேன்.

துணையாள் இடம் ஒன்றுதான் என்றாலும் அங்கே நான்கு கார்டுகள் வைக்கிறேன். பீட் காப்பும் காவல் நாயும் அடி வாங்கிச் சாகத்தான் வருகிறார்கள், ஒருவர் போனால் அடுத்தவர் வேண்டும். பீட் காப் இரண்டு உடல் சேதமும் இரண்டு மனச் சேதமும் வரை தாங்குவார். மனநலம் ஐந்தே உள்ள ரோலண்டுக்கு அந்த இரண்டு ரொம்பப் பெரிது.

படி 6: வரவு செலவு

தொடக்கத்தில் ஐந்து ரிசோர்ஸ், அதாவது கார்டின் விலையைக் கொடுக்கும் பணம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கார்டு, ஒரு ரிசோர்ஸ். பத்து சுற்று ஓடினால் ஏறக்குறைய 15 கார்டுகள் பார்ப்பீர்கள், 15 ரிசோர்ஸ் வந்திருக்கும். ஆக, கட்டில் பாதியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

இங்கே ஒரு எளிய கணக்கு உண்டு. உங்கள் டெக்கில் உள்ள எல்லாக் கார்டுகளின் விலையையும் கூட்டி, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எடுங்கள். பத்து சுற்றில் உங்கள் கைக்கு வரும் செலவு ஏறக்குறைய அதுதான். என் ரோலண்ட் டெக்கின் மொத்த விலை 41. அதில் 33-க்கு 15 பங்கு என்றால் சுமார் 18 அல்லது 19. வரவு 15, எமர்ஜென்சி கேஷ் ஒன்று வந்தால் மூன்று சேர்ந்து 18. கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது.

இப்போது ஆசைப்பட்டு இரண்டு டைனமைட் ப்ளாஸ்ட், தலா 5, இரண்டு ஃபர்ஸ்ட் எய்ட், தலா 2, இவற்றை விலையில்லாத திறன் கார்டுகளுக்குப் பதிலாக உள்ளே கொண்டுவந்தால் மொத்தம் 55 ஆகிவிடும். கைக்கு வரும் செலவு 25. ஏழு ரிசோர்ஸ் துண்டு விழுகிறது. அதை ஈடுகட்ட ஏழு ஆக்‌ஷன்களை வெறுமனே பணம் எடுக்கச் செலவழிக்க வேண்டும். சுற்றுக்கு மூன்று ஆக்‌ஷன் என்றால் இரண்டு சுற்றுக்கும் மேல். டூம் அதுவரை காத்திருக்காது. டைனமைட் கெட்ட கார்டு என்று சொல்லவில்லை. அதை வைத்தால் வேறு எதை விடப்போகிறோம் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

படி 7: திறன் கார்டுகள்

களத்தில் வைக்கும் கார்டுகளைப் போல இவை பளிச்சென்று தெரியாது, ஆனால் சமநிலையைத் தாங்கிப் பிடிப்பவை இவைதான். விலை இல்லை, ஆக்‌ஷன் தேவையில்லை, சோதனை வரும்போது கொடுத்தால் போதும். கட்ஸ் வில்பவரையும், பெர்செப்ஷன் இன்டெலக்ட்டையும், ஓவர்பவர் காம்பாட்டையும் இரண்டு புள்ளி ஏற்றும், வென்றால் ஒரு கார்டும் திரும்பத் தரும். 'சமம்' என்று நிற்கும் சோதனையை ஒரே தாவலில் +2-க்குக் கொண்டுபோய்விடும்.

எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே இவற்றைப் போடுங்கள். ராட்டிங் ரிமெய்ன்ஸ் என்ற ஆபத்துக் கார்டு வில்பவர் 3 சோதனை கேட்கும். எத்தனை புள்ளியில் தோற்கிறீர்களோ அத்தனை மனச் சேதம். ரோலண்டின் வில்பவரும் 3. பையில் −4 வந்தால் திறன் 0 ஆகிவிடும் (அதற்குக் கீழே போகாது), மனநலம் ஐந்தில் மூன்று ஒரே அடியில் போய்விடும். கையில் கட்ஸ் ஒன்று இருந்தால் அதே டோக்கன் இரண்டு சேதத்தோடு நின்றுவிடும். இதனால்தான் ரோலண்டுக்கு கட்ஸ் இரண்டையும் போடாமல் நான் டெக்கை மூடுவதே இல்லை.

பெர்செப்ஷன் பாதாள அறைக்காக. பூதக்கண்ணாடியோடு இன்டெலக்ட் 4, பெர்செப்ஷனோடு 6, மறைப்பு 4, ஆக +2. அன்று 16-ல் 2 ஆக இருந்த வாய்ப்பு 13 ஆகிறது. கூடவே டிடக்‌ஷனையும் கொடுத்தால் இன்னும் ஒரு படி ஏறும், ஒரே ஆக்‌ஷனில் இரண்டு துப்புகளும் கைக்கு வரும். அன்று எங்களுக்குத் தேவைப்பட்டதும் இரண்டுதான்.

படி 8: சோதனையே இல்லாத வழிகள்

பையை நம்பாத கார்டுகள் சில கட்டாயம் வேண்டும். வொர்க்கிங் எ ஹன்ச், விலை 2, ஒரு துப்பை அப்படியே எடுத்துத் தரும். எவிடன்ஸ், விலை 1, எதிரியை வீழ்த்தியதும் ஒரு துப்பு தரும். ரோலண்டின் சொந்தத் திறனும் அதே நேரத்தில் வேலை செய்வதால், ஒரு எலியை மிதித்தாலே இரண்டு துப்புகள் வரும். தனக்கோ அதே இடத்தில் நிற்கும் நண்பருக்கோ விழும் அடியை டாட்ஜ் நிறுத்திவிடும். துப்பு தேடுபவரைக் காப்பதும் சண்டைக்காரரின் வேலைதானே.

முழு டெக்

எல்லாம் இரண்டு இரண்டு பிரதிகள். மசெட்டி, .45 ஆட்டோமேட்டிக், பீட் காப், காவல் நாய், பூதக்கண்ணாடி. இவை பத்தும் களத்தில் வைப்பவை. எவிடன்ஸ், டாட்ஜ், வொர்க்கிங் எ ஹன்ச், எமர்ஜென்சி கேஷ். இவை எட்டும் நிகழ்வுகள். விஷியஸ் ப்ளோ, டிடக்‌ஷன், கட்ஸ், பெர்செப்ஷன், ஓவர்பவர், அன்எக்ஸ்பெக்டட் கரேஜ். இவை பன்னிரண்டும் திறன் கார்டுகள். மொத்தம் 30. இதோடு .38 ஸ்பெஷலும் கவர் அப்பும் ஒரு பொதுப் பலவீனமும்.

தனியாக ஆடுபவர் டாட்ஜை எடுத்துவிட்டு டார்ச் விளக்கு இரண்டைப் போடலாம். நான்கு பேரோடு ஆடுபவர் பெர்செப்ஷனை எடுத்துவிட்டு டைனமைட்டைக் கொண்டுவரலாம், வரவு செலவை மட்டும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு கதாபாத்திரம் என்றாலும் வரிசை மாறாது, எண்கள்தான் மாறும். ஆக்னஸ் பேக்கருக்கு வில்பவர் 5, காம்பாட் 2. அதனால் ஆயுதத்தின் இடத்தில் வில்பவரால் அடிக்கும் ஷ்ரிவலிங் வரும், கைக்குப் பதில் மந்திர இடங்கள் நெருக்கடியாகும். டெய்சி வாக்கருக்கு இன்டெலக்ட் 5. அவருக்குத் துப்பு பிரச்சினையே இல்லை, உடல்நலம் 5 என்பதுதான் பிரச்சினை. எதிரியிடமிருந்து எப்படித் தப்புவது என்பதே அவருடைய இரண்டாவது வேலை.

படி 9: ஆடும் முன் ஐந்து கை எடுத்துப் பாருங்கள்

டெக்கைக் கலைத்து ஐந்து கார்டு எடுங்கள். எதை ஒதுக்குவீர்கள், முதல் சுற்றில் என்ன செய்வீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்து முறை செய்யுங்கள். மூன்று முறை 'பணம் எடுக்கிறேன், பணம் எடுக்கிறேன்' என்று சொன்னால் விலை அதிகம். இரண்டு முறை ஆயுதமே வரவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாருங்கள். பத்து நிமிட வேலை இது, ஒரு மாலை முழுவதையும் காப்பாற்றும்.

உண்மையான ஆட்டத்தில், ரோலண்டாக நான் ஆயுதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை யோசிக்காமல் மாற்றிவிடுவேன். பூதக்கண்ணாடி வந்தால் அதையும் வைத்துக்கொள்வேன். திறன் கார்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் கையில் அது ஆயுதத்துக்கு ஈடாகாது.

படி 10: அனுபவப் புள்ளியைச் செலவழிப்பது

ஆட்டம் முடிந்ததும் கிடைக்கும் புள்ளிகளால் டெக்கை மாற்றலாம். புதுக் கார்டுக்கு அதன் நிலை எவ்வளவோ அவ்வளவு புள்ளி. நிலை 0 கார்டாக இருந்தாலும் குறைந்தது ஒன்று. அதே பெயருள்ள கார்டின் மேல்நிலை வடிவம் என்றால் வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

பீட் காப்பை நிலை 2-க்கு உயர்த்த இரண்டு புள்ளி. கட்டின் அமைப்பு மாறாது, வரவு செலவும் கெடாது, பாதுகாப்பான முதல் செலவு அது. ஷாட்கன் நான்கு புள்ளி, விலை 5, இரண்டு கையையும் பிடிக்கும். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். எனக்கும்தான். ஆனால் அது வந்த அன்றே பூதக்கண்ணாடிக்குக் கை இருக்காது, இன்டெலக்ட் மறுபடி 3-க்கு இறங்கிவிடும். ஷாட்கன் வாங்குவதென்றால் கூடவே ஒரு புள்ளி வைத்து, பூதக்கண்ணாடி ஒன்றைக் கை தேவைப்படாத துப்புக் கார்டாக மாற்றுங்கள். அல்லது மேசையில் துப்பு எடுக்க இன்னொருவர் உறுதியாக இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.